பட்டினி கிடக்கும் பாசி

நீல ஒளியில் பார்த்தால் பாசியின் செல் சிவப்பாக எரியும். அது பச்சையத்தின் குணம். நைல் ரெட் என்கிற சாயத்தைக் கொஞ்சம் சேர்த்து, பத்து நிமிடம் இருட்டில் வைத்துவிட்டுப் பார்த்தால் அந்தச் சிவப்புக்குள் பொன்மஞ்சளாக மணி மணியாய்த் துளிகள் தெரியும். அதுதான் எண்ணெய். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று மாடிப்படி ஏறி ஓடிப்போய் என் நெறியாளரைக் கூட்டிவந்தேன். நுண்ணோக்கியில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு, "நல்லா இருக்கும்மா. இதுக்குக் கடைசியா எப்போ உரம் போட்டே?" என்று கேட்டார்.

போடவே இல்லை. பொங்கல் விடுமுறைக்கு முன்னால் அலமாரியின் பின்வரிசைக்குப் போய், ஐந்து வாரம் யார் கண்ணிலும் படாமல் கிடந்த குடுவை அது. பச்சைத் தண்ணீர் வெளிறி மஞ்சளாகியிருந்தது.

அந்தக் கேள்விக்குள் இருந்தது முழுசாக விளங்க எனக்கு நாலு வருடம் பிடித்தது. "பாசியிலிருந்து டீசல்" என்று செய்தி வரும்போதெல்லாம் உறவினர்களும் மாணவர்களும் எனக்கு அனுப்பி, "இது நடக்குமா?" என்று கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதனால் இந்த நீண்ட பதிவு.

பாசியைத் தேடிப்போன கதையிலிருந்து தொடங்குகிறேன். ஆய்வில் சேர்ந்த முதல் இரண்டு வருடம் என் தோள்பையில் எப்போதும் அரை லிட்டர் பாட்டில்கள் இருக்கும். கோயில் தெப்பக்குளம், நெல் வயல், அரிசி ஆலையின் பின்பக்கம் ஓடும் ஊறல் தண்ணீர், ரயில் நிலையத்துத் தண்ணீர்த் தொட்டியின் ஓரம் என்று எங்கே பச்சை தெரிந்தாலும் இறங்கி எடுப்பேன். எது அதிகப் பச்சையோ அதில்தான் சரக்கு இருக்கும் என்று நம்பியிருந்தேன். அது தவறு. பெயின்ட் ஊற்றியதுபோலப் பச்சைப் படலம் மிதந்து, நாற்றம் எடுக்கும் குளங்களில் பெரும்பாலும் இருப்பது மைக்ரோசிஸ்டிஸ். அது நீலப்பச்சைப் பாசி, அதாவது சயனோபாக்டீரியா. நாம் டீசலாக மாற்ற நினைக்கும் வகைக் கொழுப்பை அது சேர்த்துவைப்பதில்லை. போதாததற்குக் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சையும் சில ரகங்கள் உண்டாக்கும். நமக்கு வேண்டியவை குளோரெல்லா, சினடெஸ்மஸ், நானோகுளோராப்சிஸ், சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் டயாட்டம் போன்றவை. அவை பளிச்சென்று தெரியாது. லேசாகப் பச்சை தட்டிய, இளநீர் வழுக்கையைக் கரைத்துவிட்டதுபோல் மங்கிய தண்ணீரில் இருக்கும். சில சமயம் தொட்டிச் சுவரில் பழுப்பு வழவழப்பாக ஒட்டியிருக்கும்.

தூத்துக்குடி உப்பளத்துக்கு ஒரு மே மாதம் போனேன். உப்பு இறங்குகிற பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாக நிற்கும். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஓர் ஆச்சி நான் குனிந்து தண்ணீர் எடுப்பதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தச் செவத்த தண்ணிய எங்க கொண்டு போறே?" என்று கேட்டார்கள். பாசியில் எண்ணெய் தேடுகிறேன் என்று சொன்னேன். ஆச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, "தண்ணி செவந்தாத்தான் உப்பு வெரசா எறங்கும். அத நீங்க எடுத்துட்டுப் போயிராதீக" என்றார்கள். அவர்கள் சொன்னது அறிவியல்படி சரி. சிவந்த உப்புநீர் வெயிலை அதிகமாக உறிஞ்சும், சீக்கிரம் ஆவியாகும். அந்தச் சிவப்பில் ஒரு பங்கு துனாலியெல்லா சலைனா என்ற பாசியுடையது, மீதி உப்பை விரும்பும் நுண்ணுயிர்களுடையது. துனாலியெல்லா உப்பின் அழுத்தத்தைத் தாங்க உள்ளே கிளிசராலைச் சேர்க்கும். வெயிலைத் தாங்க பீட்டா கரோட்டினைச் சேர்க்கும். டீசலுக்கான என் தேடலில் அதற்கு இடமில்லை. ஆனால் அந்தப் பாத்தியில் பாசி என்ன வேலை செய்கிறது என்று ஆச்சிக்குத் தெரிந்திருந்தது என் குறிப்பேட்டில் முதல் பக்கத்தில் இருக்கிறது.

கொண்டுவந்த தண்ணீரில் பத்துப் பதினைந்து வகை உயிர்கள் கலந்திருக்கும். ஒன்றைத் தனியாகப் பிரிப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி இழுத்து, முடிபோல மெலிதாக்கி, நுண்ணோக்கியின் கீழ் ஒரே ஒரு செல்லை உறிஞ்சி எடுக்க வேண்டும். அல்லது அகர் தட்டில் கோடு இழுத்து, மூன்று வாரம் வெளிச்சத்தில் வைத்து, புள்ளியாக முளைக்கும் பச்சையை ஊசியால் எடுத்து, மறுபடி கோடு இழுத்து, மறுபடி காத்திருக்க வேண்டும். பாதித் தட்டுகளைப் பூஞ்சை தின்றுவிடும். என்னுடைய அறுபத்தெட்டு பாட்டில்களிலிருந்து சுத்தமாகத் தேறியவை பதினொன்று.

இந்த வேலைக்குச் சென்னையில் நல்ல மரபு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை வளர்த்தெடுத்த எம்.ஓ.பி. ஐயங்காரை இந்தியப் பாசியியலின் தந்தை என்றே சொல்வார்கள். காய்ந்துகொண்டிருக்கும் குட்டையின் சேற்றில் வளரும் ஃபிரிட்ஷியெல்லா என்ற பாசியை 1932ல் உலகுக்குக் காட்டியவர் அவர். நீரிலிருந்து தாவரங்கள் எப்படி நிலத்துக்கு ஏறியிருக்கும் என்று யோசிக்கிறவர்கள் இன்றும் அந்தப் பாசியைப் பற்றிப் பேசுகிறார்கள். குட்டைச் சேற்றை அவ்வளவு மரியாதையோடு பார்த்த ஒருவர் நம் ஊரில் இருந்தார் என்பது பூஞ்சை தின்ற தட்டுகளைக் கழுவும்போது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது.

இனி அந்தக் குடுவைக்கு வருகிறேன். பாசிக்கு வெளிச்சம் கிடைத்துக்கொண்டே இருக்கிறது, கரியமில வாயுவும் கிடைக்கிறது, ஆனால் தண்ணீரில் இருந்த தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து இல்லாமல் புரதம் இல்லை, புரதம் இல்லாமல் புதிய செல் இல்லை. செல் பிரிய முடியாது. வெளிச்சமோ நிற்காமல் விழுகிறது. கார்பன் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. வந்ததை எங்காவது வைத்தாக வேண்டும். அதைத்தான் பாசி கொழுப்பாக மாற்றித் துளித்துளியாக ஒதுக்கிவைக்கிறது. டயாட்டமாக இருந்தால் சிலிக்கா தீர்ந்தாலும் இதே கதை. நான் கண்ட பொன்மணிகள் பட்டினியின் அடையாளம். எண்ணெய் சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது, அந்தக் குடுவையில் வளர்ச்சி நின்றுபோயிருந்தது.

இதை எனக்கு முன்பே மிகப் பெரிய அளவில் கண்டுகொண்டவர்கள் அமெரிக்கர்கள். எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1978ல் அவர்களுடைய எரிசக்தித் துறை ஒரு நீர்வாழ் உயிரினத் திட்டத்தைத் தொடங்கியது. கொலராடோ மாநிலம் கோல்டன் நகரில் இருந்த சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனம் அதை நடத்தியது. மேற்கு மாநிலங்களின் உப்பு ஏரிகள், கடலோரம், ஹவாய் என்று அலைந்து 3000க்கும் மேற்பட்ட பாசி ரகங்களைச் சேர்த்தார்கள். அதிலிருந்து சலித்துச் சலித்துச் சுமார் 300 ரகங்களை வைத்துக்கொண்டார்கள். பட்டினி போட்டால் எண்ணெய் கூடும் என்பதை அவர்கள் ஒரு மந்திரச் சாவியாகத்தான் முதலில் பார்த்தார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தபோது செல்லுக்குள் எண்ணெயின் பங்கு கூடுகிறது, ஆனால் வளர்ச்சி அதைவிட அதிகமாகக் குறைகிறது, ஆகவே குளத்திலிருந்து கிடைக்கும் மொத்த எண்ணெய் கூடவில்லை என்று ஆனது. கொழுப்பு உண்டாவதன் முதல் படியை நடத்தும் நொதியின் மரபணுவை சைக்ளோடெல்லா என்ற டயாட்டத்திலிருந்து பிரித்தெடுத்து, அதையே டயாட்டத்துக்குள் கூடுதலாகச் செலுத்தியும் பார்த்தார்கள். மரபணு வேலை செய்தது. எண்ணெய் ஏறவில்லை.

சதவீதம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு நான் வகுப்பில் போடும் கணக்கு இது. ஒரு பாசியில் 50 சதவீதம் எண்ணெய். ஆனால் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு 4 கிராம்தான் வளர்கிறது. எண்ணெய் 2 கிராம். இன்னொன்றில் 20 சதவீதம்தான். ஆனால் 15 கிராம் வளர்கிறது. எண்ணெய் 3 கிராம். முதல் பாசிக்குத்தான் செய்தித்தாளில் படம் வரும். விவசாயி தேர்ந்தெடுப்பது இரண்டாவதை.

இதற்கு உச்ச உதாரணம் போட்ரியோகாக்கஸ் என்ற பாசி. காய்ந்த எடையில் பாதிவரைகூட ஹைட்ரோகார்பன் வைத்திருக்கும் ரகங்கள் அதில் உண்டு. பெட்ரோலிய எண்ணெய்க்கு மிக நெருக்கமான சரக்கு. அதையும் செல்லுக்கு வெளியே, கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் செல்களின் இடுக்குகளில் ஊற்றிவைக்கும். மைசூரு உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தார் கொடைக்கானலில் இருந்தே அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அதைக் கையில் வைத்து வளர்த்துப் பாருங்கள். குளோரெல்லா ஒரே நாளில் இரண்டாகிவிடும் சூழலில் இது இரட்டிப்பாகப் பல நாள் எடுக்கும். அந்த இடைவெளிக்குள் வேறு யாராவது வந்து குளத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

குளத்தை யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்கு மூன்றாம் வருடம் நேர்ந்த பெரிய பாடம். துறையின் மொட்டைமாடியில் ஃபைபர் தொட்டி ஒன்றைப் பந்தயப் பாதைபோல நீள்வட்டமாகச் செய்து, நடுவில் தடுப்பு வைத்து, பக்கத்து வெல்டிங் பட்டறையில் துடுப்புச் சக்கரம் அடித்து மாட்டினோம். கணுக்கால் ஆழத்துக்குச் சற்று மேலே தண்ணீர், மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். என் பதினொன்றில் சிறந்ததான குளோரெல்லாவை ஃப்ளாஸ்க், பிறகு கார்பாய், பிறகு டிரம் என்று படிப்படியாகப் பெருக்கி அதில் விட்டேன். ஒரு வாரம் அருமையாக ஏறியது. ஒன்பதாம் நாள் காலையில் மாடிக்குப் போனால் தொட்டியின் அடி தெரிகிறது. தண்ணீர் தெளிந்துவிட்டது. ஒரு துளி எடுத்துப் பார்த்தேன். ரோட்டிஃபர். பாசியை மேயும், கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பிராணிகள். வாயைச் சுற்றி மயிர்கள் சுழல, வயிறு பச்சையாக, நிறைய நீந்திக்கொண்டிருந்தன. இரண்டே நாளில் மொத்தத்தையும் தின்றுவிட்டன.

தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி மறுபடி விட்டேன். இம்முறை ரோட்டிஃபர் வரவில்லை. நான் விடாத ஒரு சினடெஸ்மஸ் வந்தது. நாலு நாலு செல்லாகச் சேர்ந்து, ஓரத்தில் முள் நீட்டிக்கொண்டு. கழுவினேன். மறுபடி வந்தது. மூன்றாவது தடவையும் அதுவே வந்தபோது நெறியாளர் சொன்னார்: "அதை விடும்மா. அது இந்த மாடியைத் தேர்ந்தெடுத்திருக்கு."

அமெரிக்கர்களும் நியூமெக்ஸிகோ மாநிலம் ராஸ்வெல்லில் இதையே கண்டார்கள். அங்கே தலா 1000 சதுர மீட்டரில் இரண்டு குளங்கள் வெட்டி வளர்த்தார்கள். செலுத்திய கரியமில வாயுவில் 90 சதவீதத்துக்கு மேல் பாசி எடுத்துக்கொண்டது. சில தனி நாட்களில் சதுர மீட்டருக்கு 50 கிராம் வரைகூட விளைச்சல் வந்தது. ஆனால் பாலைவன இரவின் குளிர் சராசரியை இழுத்துப்போட்டது. ஆய்வகத்தில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ரகங்கள் வெளிக் குளத்தில் நிலைக்காமல் உள்ளூர்ப் பாசிகள் வந்து பிடித்துக்கொண்டன. 1996ல் திட்டத்தை மூடினார்கள். அதற்கு மொத்தம் செலவானது சுமார் 2.5 கோடி டாலர். இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். உள்ளூரில் தானாக வளரும் பாசியிலிருந்து தொடங்குங்கள் என்ற அவர்களுடைய இறுதி அறிக்கையின் முடிவு என்னுடைய மூன்று மாத பிளீச்சிங் பவுடரை மிச்சப்படுத்தியிருக்கும். நான் அந்த அறிக்கையின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுத் தொட்டி கட்டியிருந்தேன்.

அறுவடை பற்றிச் செய்திகளில் யாரும் பேசுவதில்லை. கஷ்டம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. திறந்த குளத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கிட்டத்தட்ட அரை கிராம் பாசிதான் இருக்கும். கண்ணுக்குக் கடும் பச்சையாகத் தெரிவது அவ்வளவுதான். ஒரு லிட்டர் எண்ணெய் வேண்டுமென்றால், பாசியில் கால் பங்கு எண்ணெய் என்று வைத்தாலும் மூன்றரைக் கிலோவுக்கு மேல் காய்ந்த பாசி வேண்டும். அதற்கு 7000 லிட்டருக்கு மேல் தண்ணீரை வடிக்க வேண்டும். செல்லின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு, துணி வடிகட்டாது. படிகாரம் போட்டுத் திரளவைக்கலாம், சென்ட்ரிஃபியூஜில் சுற்றலாம். அதற்கும் மின்சாரம்.

சுற்றியெடுத்த விழுதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கக் குறைந்தது 2.26 மெகாஜூல் வெப்பம் வேண்டும். நாலு கிலோவுக்கு 9 மெகாஜூல். ஒரு கிலோ காய்ந்த பாசியை எரித்தால் கிடைப்பதே 20 முதல் 25 மெகாஜூல். அடுப்பில் வைத்துக் காயவைத்தால் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விடும். எங்கள் வெயில் இலவசம் என்பதால் நாங்கள் தட்டில் பரப்பிக் காயவைத்தோம், வடகம் காயவைப்பதுபோல. ஒரு மாசி மாதம் பாதி காய்ந்த பாசியை அவசரப்பட்டு எடுத்து மெத்தனால், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் கலக்கினேன். ஈரம் இருந்தால் எண்ணெய் டீசலாகாமல் சோப்பாகும் என்பது பாடத்தில் படித்ததுதான். அன்று குடுவை முழுக்கப் பச்சை நுரை. இப்போது சில நாடுகளில் காயவைக்காமல், ஈர விழுதையே 300 டிகிரிக்கு மேல், கடும் அழுத்தத்தில் வேகவைத்துக் கச்சா எண்ணெயாக்கும் முறையைச் செய்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை அதிகம். ஆனால் அதற்கான கலம் எங்கள் மாடியில் நிற்காது.

பெரிய பணமும் இதில் இறங்கிப் பார்த்துவிட்டது. 2009ல் எக்ஸான் மொபில் நிறுவனமும் மரபணு ஆய்வாளர் கிரேக் வென்டரின் சிந்தெடிக் ஜீனோமிக்ஸ் நிறுவனமும் சேர்ந்து 60 கோடி டாலர் வரை செலவிடப்போவதாக அறிவித்தார்கள். அதே வருட ஜனவரியில் கான்டினென்டல் விமானம் ஒன்று ஹூஸ்டனில் இருந்து, பாசி எண்ணெயும் காட்டாமணக்கு எண்ணெயும் கலந்த எரிபொருளில் சோதனையாகப் பறந்திருந்தது. நம் நாட்டில் பாவ்நகர் உப்பு, கடல் வேதியியல் ஆய்வு நிறுவனத்தார் 2012ல் பாசி டீசல் கலந்த எரிபொருளில் கார் ஓட்டிக் காட்டினார்கள். 2017ல் எக்ஸான் கூட்டணி நானோகுளோராப்சிஸில் ஒரே ஒரு கட்டுப்பாட்டு மரபணுவை அடக்கிவாசிக்கவைத்து, வளர்ச்சி பெரிதாகக் குறையாமல் கொழுப்பை 20 சதவீதத்திலிருந்து 40க்கு மேல் கொண்டுவந்தது. அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பட்டினி போடாமலே எண்ணெய்! நெறியாளருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அந்த முடிவு இன்றைக்கும் அறிவியலாக நிற்கிறது. ஆனாலும் 2023 தொடக்கத்தில் எக்ஸான் இந்த வேலையிலிருந்து விலகிக்கொண்டது.

ஏன் என்பதற்கு இன்னொரு கணக்கு. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 15 கிராம், வருடத்தில் 300 நாள், கால் பங்கு எண்ணெய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரில் வருடத்துக்கு 11 டன் எண்ணெய். எண்ணெய்ப் பனையைவிடவே அதிகம். இதில் பொய் இல்லை. இந்தியா வருடத்துக்குச் செலவழிக்கும் டீசல் சுமார் 9 கோடி டன். அத்தனையையும் பாசியில் எடுக்கத் தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேலே குளமாக வேண்டும். நிலத்தை விடுங்கள், உரத்தைப் பாருங்கள். பாசியில் 5 சதவீதம் தழைச்சத்து என்றாலும், ஒரு டன் எண்ணெய்க்கான நாலு டன் பாசிக்கு 200 கிலோ நைட்ரஜன். யூரியாவில் சொன்னால் 430 கிலோ, கிட்டத்தட்ட பத்து மூட்டை. யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. வாங்கிப்போட்ட யூரியாவில் பாசி வளர்த்து எடுக்கும் டீசலை நான் பசுமை எரிபொருள் என்று அழைக்கமாட்டேன்.

ஆகவே யாராவது என்னிடம் வந்து, "எண்ணெய் அதிகமுள்ள ஸ்ட்ரெய்ன் கொடுங்கள் மேடம், அஞ்சு ஏக்கர் இருக்கிறது" என்று கேட்டால், உரம் எங்கிருந்து வரப்போகிறது என்று முதலில் திருப்பிக் கேட்கிறேன். என் நெறியாளர் என்னைக் கேட்ட கேள்விதான். சாக்கடையில் இருந்து என்று பதில் வந்தால் உட்கார்ந்து பேசுவேன். கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950களிலேயே கழிவுநீரைப் பாசிக் குளத்தில் சுற்றவிட்டுச் சுத்தம் செய்யும் முறையை வகுத்தார். இன்று உலகம் முழுக்கச் சுற்றும் அந்த நீள்வட்டக் குளங்கள் அங்கே பிறந்தவை. கழிவுநீரில் அமோனியாவும் பாஸ்பேட்டும் இலவசமாக இருக்கின்றன. இலவசம் என்பதைவிட, ஏரியில் போய்ச் சேர்ந்தால் கேடு விளைவிப்பவை. பாசி அதை உண்கிறது, தண்ணீர் தெளிகிறது. பாசி விழுதில் இருந்து எண்ணெய் எடுக்கலாம், எடுக்க முடியாவிட்டால் சாண எரிவாயுக் கலத்தில் போட்டு மீத்தேன் எடுக்கலாம், மிஞ்சியது வயலுக்கு. சுத்திகரிப்புக்கான செலவை எப்படியும் செய்தாக வேண்டும். எரிபொருள் அதன் மேல் வரும் வரவு. இந்த வரிசையில் வைத்தால் எண்ணெய் 20 சதவீதமா 15 சதவீதமா என்பது பெரிய விஷயமே இல்லாமல் போகிறது. எது வருடம் முழுக்க, மார்கழிக் குளிரிலும் சித்திரை வெயிலிலும், ரோட்டிஃபர் வந்தாலும் நின்று வளர்கிறது என்பதே கேள்வியாகிறது.

இப்போது நான் பாடம் நடத்தும் கல்லூரியின் விடுதிக்குப் பின்னால், கழிவுநீர்த் தொட்டியின் கடைசி மடையை ஒட்டி, மாணவிகளும் நானும் சிமென்டில் ஒரு சிறு நீள்வட்டக் குளம் கட்டியிருக்கிறோம். அதில் எந்தப் பாசியையும் நாங்கள் விடவில்லை. நிரப்பிச் சக்கரத்தைச் சுற்றவிட்டுக் காத்திருந்தோம். பத்தாம் நாள் ஒரு மாணவி சிலைடைக் கொண்டுவந்து காட்டினாள். நாலு நாலு செல்லாக, ஓரத்தில் முள்ளோடு. "மேடம், இது யாருன்னு தெரியுதா?" என்றாள். தெரிந்தது.

குளத்துக்கு இது மூன்றாவது கோடை. முதல் கோடையில் ஒருமுறை ரோட்டிஃபர் தாக்கி பாதி போனது, இரண்டே வாரத்தில் திரும்பி வந்தது. சனிக்கிழமைதோறும் மேல்நீரை எடுத்து அமோனியா அளக்கிறோம். விழுதை விடுதியின் எரிவாயுக் கலத்துக்குக் கொடுக்கிறோம். நைல் ரெட் பாட்டில் குளிர்பெட்டியின் மேல்தட்டில் இருக்கிறது. மழை தொடங்குவதற்குள் ஒரு டிரம் பாசியை மட்டும் தனியாக எடுத்து, நல்ல தண்ணீரில் மாற்றி, நாலே நாலு நாள் உரமில்லாமல் வெயிலில் வைத்துப் பார்க்கலாமா என்று அந்த மாணவி கேட்டிருக்கிறாள். குளத்தைத் தொடாமல், ஒரு டிரம்மை மட்டும். வருகிற திங்கட்கிழமை தொடங்குகிறோம்.